பையன் கன்சர்ட் பியானிஸ்ட் ஆவணுமாம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

ரெட்டைமாடி:
வணக்கம். நான் சிங்கப்பூர்ல பஸ் ஓட்டுறவன், இந்தப் பக்கம் எழுதுறது முதல் தடவை, தப்பான இடத்துல போட்டிருந்தா நகர்த்திடுங்க. எனக்கு ஒரே பையன், 16 வயசு, உயர்நிலை நாலு. ஆறு வயசுல எதுத்த வீட்டுச் சீனப் புள்ளை பியானோ கிளாஸ் போகுதுன்னு இவனும் அழுது அடம்புடிச்சான், சரி போகட்டும்னு சேர்த்துவிட்டோம், ரெண்டு வருஷத்துல விட்டுருவான்னுதான் நெனச்சோம். இப்ப பியானோ பரீட்சைல கிரேட் 8 டிஸ்டிங்ஷன்ல பாஸ் பண்ணி நிக்கிறான். போன வாரம் ராத்திரி சாப்பிட உக்காந்திருக்கோம், ஜூனியர் காலேஜும் வேணாம் பாலிடெக்னிக்கும் வேணாம் நான் கன்சர்ட் பியானிஸ்ட் ஆகப்போறேன்ங்கிறான். அவங்கம்மா ரசக் கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல, ஏன்னா எனக்கு அது என்ன வேலைன்னே தெரியாது. மாசச் சம்பளமா, கச்சேரிக்குக் கச்சேரியா, சிபிஎஃப் சேமநிதி உண்டா, ஒரு மனுஷன் காலைல எந்திரிச்சு ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னதான் பண்ணுவான். திட்டாம சொல்லுங்க.

ஈசூன்முருகு:
அண்ணே சிபிஎஃப் இல்ல. கேள்வி முடிஞ்சுது. பாலிடெக்னிக்ல சேத்துவிடுங்க.

கியாசுஅப்பா:
டிஸ்டிங்ஷன்னா 130க்கு மேல எத்தனை? என் பொண்ணு கிரேட் 3ல 118, ரெண்டு மார்க்குல மெரிட் போச்சு, வீட்ல மூணு நாள் யாரும் பேசல. உங்க டீச்சர் எந்த ஏரியா? புது ஸ்டூடண்ட் எடுப்பாங்களா?

ரெட்டைமாடி:
139ங்க. டீச்சர் இப்ப யாரையும் எடுக்குறதில்லையாம், சாரி.

கருப்புக்கட்டை:
அண்ணே, நான் பதில் சொல்லலாம்னு நெனைக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும், பிரேக் டைம்ல படிங்க.

மொதல்ல கிரேட் 8. லண்டன்ல 1889ல ஆரம்பிச்ச ஒரு போர்டு நடத்துற பரீட்சை அது, நம்ம ஊர்ல பாதி புள்ளைங்க எழுதுது, 139 நெஜமாவே நல்ல மார்க், குறைச்சு சொல்லல. ஆனா அது கார் ஓட்டுற கிளாஸ் 3 லைசென்ஸ் மாதிரி. அத வச்சு ரெட்டைமாடி பஸ்ஸைக் குடுப்பாங்களா? கிரேட் 8க்கு ஒரு வருஷம் உக்காந்து கைவிரல்ல எண்ணிடற அளவு பீஸ் ரெடி பண்ணுவோம். கச்சேரி பண்றவங்க ஒரு மணி நேரத்துக்கு மேல தனியா, நோட்ஸ் இல்லாம, மனப்பாடமா வாசிக்கணும். அது ஒரு சாயந்திரத்துக்கு. அது போக ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கிற கான்சர்ட்டோ பத்துப் பதினஞ்சு கையில இருக்கணும், ஏன்னா போன் வரும், வர்ற மாசம் ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல நீங்க ரக்மானினோவ் எழுதின மூணாவது கான்சர்ட்டோ வாசிப்பீங்களான்னு. அது மட்டுமே 40 நிமிஷம், பின்னாடி அத்தனை பேர் வயலின் வச்சுக்கிட்டு இருப்பாங்க, நீங்க மறந்தா யாரும் நின்னு கூட்டிட்டுப் போக மாட்டாங்க.

என்ன வேலைன்னு கேட்டீங்களே. பெரும்பாலும் ஒரு ரூம்ல தனியா உக்காந்திருக்கிறது. காலைல நோட்ஸ்ல ஒரு நாலு பார், அதாவது நாலு தாளக் கட்டம், எடுத்துக்கிட்டா, மெதுவா வலது கை மட்டும், எடது கை மட்டும், அப்புறம் சேத்து, அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, மதியம் ஆயிடும். ஒரு நாளைக்கு நாலஞ்சு மணி நேரம் சாதகம், அதுக்கு மேல போனா கை தாங்காது. வயலின்காரங்களுக்கு ஆர்கெஸ்ட்ரால வேலை இருக்கு, மாசச் சம்பளம் இருக்கு, பக்கத்து சீட்ல சண்டை போட ஒரு ஆளாவது இருக்கும். பியானோவுக்கு அது கிடையாது. ஊர் ஊரா தனியா பிளைட்டு, தனியா ஓட்டல். வயலின்காரர் தன் வாத்தியத்தோட வருவார், நமக்கு அந்த ஊர்ல என்ன இருக்கோ அதுதான் பியானோ. ஹோரோவிட்ஸ் மாதிரி பெரிய பியானிஸ்ட் ஒரு சிலர்தான் சொந்தப் பியானோவை ஊர் ஊரா தூக்கிட்டுப் போனாங்க.

என் கதை. நான் வெளியூர்ல போய் படிச்சேன், எங்கன்னு வேணாம். 23 வயசுல ஒரு போட்டிக்குப் போனேன், இத்தாலில ஒரு சின்ன ஊரு. மொத ரவுண்டுல பாக்ங்கிற ஜெர்மன் இசையமைப்பாளரோட ஃபியூக். ஃபியூக்னா ஒரே மெட்டு ஒவ்வொரு குரலா உள்ள வரும், வர்ற எடமெல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஒரு எடத்துல இப்படித் திரும்பணும் இன்னொரு எடத்துல அப்படித் திரும்பணும். நான் தப்பான எடத்துல திரும்பி மறுபடி அதே எடத்துக்கு வந்துட்டேன். சரின்னு போறேன், மறுபடி அதே எடம். ரவுண்டபௌட்ல எக்ஸிட் தெரியாம சுத்துற மாதிரி. மூணாவது தடவை வெளிய வர வழி தெரியாம நேரா கடைசி வரிக்குத் தாவி முடிச்சேன். கை தட்டுனாங்க, மரியாதையா. நடுவர்ல ஒருத்தர் பென்சிலைக் கீழ வச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. இப்ப 31 ஸ்டூடண்ட், ஸ்கூல் பரீட்சை சீசன்ல வயலின் புல்லாங்குழல் புள்ளைங்களுக்குப் பக்கவாத்தியம். சிபிஎஃப் கேட்டீங்கல்ல, சொந்தத் தொழில் கணக்கு, மெடிசேவ்ங்கிற மருத்துவச் சேமிப்பு மட்டும் கட்டியே ஆகணும்.

ரெட்டைமாடி:
முழுசும் படிச்சேன் மா, இன்டர்சேஞ்ச்ல உக்காந்து, டீ ஆறிப்போச்சு. ரவுண்டபௌட் விஷயம் நல்லாவே புரிஞ்சுது. புது ரூட்ல மொத நாள் ஓட்டும்போது எனக்கும் ஒரு தடவ அப்படி ஆச்சு, பின்னாடி 40 பேரு, ஒரு பாட்டி மட்டும் தைரியமா வந்து அங்கிள் நீங்க ரெண்டாவது தடவ இந்தக் கோயிலைத் தாண்டுறீங்கன்னுச்சு.

ஈசூன்முருகு:
இந்தம்மாவே சொல்லிட்டாங்க. வெளியூர் போய் படிச்சுட்டு வந்து டியூஷன். அவ்ளோதான் லா. இதெல்லாம் காசு உள்ளவங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு, ஏசி ரூம்ல கிராண்ட் பியானோ வச்சிருக்கிறவங்களுக்கு. வீவக அடுக்குமாடி வீட்ல மூணு ரூம்ல எங்க வைக்கிறது.

கருப்புக்கட்டை:
முருகு, டியூஷன்னு சொன்னா எனக்குக் கோவம் வராது, நல்லா சொல்லிக்குடுக்குறேன். ஆனா ஏசி ரூம் கதை வேணாம். டாங் தாய் சோன் பேரைக் கேட்டிருக்கீங்களா? ஹனோய்க்காரர், 1958ல பொறந்தவர், அமெரிக்கா குண்டு போட்ட காலம், இசைப் பள்ளிக்கூடத்தையே கிராமத்துப் பக்கம் கொண்டு போய்ட்டாங்க, அங்கதான் அவங்கம்மா கிட்ட கத்துக்கிட்டார். 1980ல வார்சால, ஷோபான்ங்கிற இசையமைப்பாளர் பேர்ல நடக்குற பியானோ போட்டில மொத பரிசு, அதுவரைக்கும் ஆசியாலேர்ந்து யாரும் அதை ஜெயிச்சதில்ல. அந்தப் போட்டி 1927லேர்ந்து நடக்குது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ. ஒரு தடவ விட்டா அடுத்ததுக்கு அஞ்சு வயசு கூடிடும், வயசு வரம்பு வேற.

2015ல அதே போட்டில மூணாவது வந்த கேட் லியூ இங்க சிங்கப்பூர்ல பொறந்த பொண்ணு, சின்ன வயசுலயே அமெரிக்கா போய்ட்டாங்க. அதான் நம்ம ஊரு கதை, பொறக்குறது இங்க, வளர்றது வேற எங்கயோ.

வீணைஅத்தை:
தம்பி தப்பா எடுத்துக்காதீங்க, பத்து வருஷம் அந்த டக் டக் பொட்டிக்குப் போட்ட உழைப்பை வீணைக்குப் போட்டிருந்தா இந்நேரம் அரங்கேற்றமே முடிஞ்சிருக்கும். யாரோ 200 வருஷத்துக்கு முன்னாடி எழுதி வச்சதை எழுத்து மாறாம ஒப்பிக்கிறதுல என்ன இருக்கு. நம்ம கிட்ட மனோதர்மம் இருக்கு, ஒரே ராகத்தை இன்னிக்கு வாசிச்ச மாதிரி நாளைக்கு வாசிக்க மாட்டோம். சுரத்தை அசைச்சு இழைக்கிற கமகமும் வராது அதுல, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாதே.

கருப்புக்கட்டை:
அத்தை, கமகம் வராதுங்கிறது உண்மை, அதுல சண்டையே இல்ல. ஒப்பிக்கிறதுங்கிறதுதான் இடிக்குது. மோஸார்ட்டும் பீத்தோவனும் மேடைல உக்காந்து கற்பனையா வாசிக்கிறதுல பேர் வாங்கினவங்க, அந்தப் பழக்கம்தான் பின்னாடி தேஞ்சு போச்சு. நோட்ஸ் இல்லாம வாசிக்கிறதே கிளாரா ஷூமான், லிஸ்ட்ங்கிற அந்தக் காலத்துப் பியானிஸ்டுங்க பரப்புனதுதான், அதுக்கு முன்னாடி அப்படி வாசிச்சா திமிருன்னு சொன்னாங்க. இப்ப நோட்ஸ் வச்சா பயந்தாங்கொள்ளிங்கிறாங்க. சோவியத் பியானிஸ்ட் ரிக்டர் அவ்ளோ பெரிய ஆளு, வயசான காலத்துல நோட்ஸ் வச்சுதான் வாசிச்சார், ஹால் முழுக்க இருட்டாக்கி நோட்ஸ் மேல ஒரு சின்ன விளக்கு மட்டும். ஒரே கீர்த்தனையைப் பத்து பேர் பாடினா பத்தும் வேறதானே, இங்கயும் அதான். கனடா பியானிஸ்ட் கிளென் கௌல்டு 1955ல ஒரு தடவையும் 1981ல ஒரு தடவையும் பாக்கோட ஒரே கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை ரெக்கார்ட் பண்ணார். ரெண்டையும் கேட்டுட்டு ஒரே ஆளுன்னு சொல்லுங்க பாப்போம்.

வீணைஅத்தை:
கேக்குறேன். ஆனா கமகம் இல்ல.

முன்னாள்சிப்பாய்:
யாரும் என்எஸ், அதான் கட்டாய ராணுவச் சேவை, பத்திப் பேசலையே. பையன்ல்ல. 18ல உள்ள போனா ரெண்டு வருஷம். வெளிநாட்டுப் புள்ளைங்க அந்த வயசுல போட்டிக்கு மேல போட்டி போய்ட்டு இருக்கும். மெல்வின் டான் விவகாரம் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 12 வயசுல இங்கிலாந்து போய் மெனுஹின் இசைப் பள்ளில படிச்சவர், பழைய ஃபோர்ட்டே பியானோ வாசிக்கிறதுல உலகத்துக்கே தெரிஞ்ச ஆளு, என்எஸ்க்குத் திரும்பி வரல, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிட்டார். 2005ல கோர்ட்டுல 3,000 வெள்ளி அபராதம், அதுக்கு ஊரே ரெண்டா பிரிஞ்சு சண்டை. என் புள்ளை போய்ட்டு வந்தான் இவருக்கு மட்டும் என்னன்னு ஒரு பக்கம், கலைஞனை இப்படியா நடத்துறதுன்னு ஒரு பக்கம். அடுத்த வருஷமே சட்டத்துல அபராதத்தைக் கூட்டிட்டாங்க.

நானும் பியானோ வாசிச்சவன்தான். ராணுவ அடிப்படைப் பயிற்சில ரைபிள் தூக்கி, தரையில முட்டி தேய்ச்சு, மூணாவது மாசம் லீவுல வெளிய விட்டு வீட்ல வந்து சி மேஜர் ஸ்கேல் வாசிச்சா விரல் வேற யாரோடதோ மாதிரி இருக்கும். ராணுவத்துக்குள்ளயே இசை நாடகக் குழு ஒண்ணு இருக்கு, ஆடிஷன் வச்சு எடுப்பாங்க, என்னை எடுக்கல. ஆனா ரெண்டு வருஷத்துல கை செத்துடாது. ஹோரோவிட்ஸ் 1953லேர்ந்து 1965 வரைக்கும் 12 வருஷம் மேடை ஏறாம இருந்துட்டு திரும்பி வந்தார்.

ஈசூன்முருகு:
ஹோரோவிட்ஸை யாரும் ஃபீல்டு கேம்ப்ல குழி தோண்டச் சொல்லல ப்ரோ.

முன்னாள்சிப்பாய்:
ஹாஹா அதுவும் சரிதான்.

திரைக்குப்பின்:
நான் 14 வருஷமா மேடை வேலை, கிராண்டைத் தள்ளிட்டு வர்றது, பெஞ்ச் போடறது, லைட்டு. வாசிக்கத் தெரியாது, ஆனா வாசிக்கிறவங்களை ரெண்டடி தூரத்துல பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

பெரிய கிராண்ட் 274 சென்டிமீட்டர் நீளம், 480 கிலோ பக்கம். சும்மா தள்ளுனா போவாது, மூணு பேரு வேணும், பெடல் பக்கம் ஒரு ஆளு எப்பவும் கீழ பாத்துக்கிட்டே வரணும், தரையில ஒரு சின்ன ஒயர் இருந்தாலும் போச்சு. உள்ள 230 கம்பி கிட்ட, எல்லாம் சேர்ந்து 20 டன் அளவுக்கு இழுத்துக்கிட்டு இருக்குன்னு டியூனர் அங்கிள் சொல்வார். மத்தியானம் சுதி சேர்ப்பார், இடைவேளைல மறுபடி வந்து ரெண்டு மூணு கட்டையைத் தட்டிப் பாத்துச் சரி பண்ணுவார், அப்ப கைதட்ட ஆளு இருக்காது, எல்லாம் பாத்ரூம் வரிசைல நிப்பாங்க.

வர்ற ஆர்ட்டிஸ்ட் மொத மொதல்ல பண்றது என்ன தெரியுமா, பெஞ்ச். உயரம் ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி, அரை சுத்து, கால் சுத்து. ஒரு அம்மா 20 நிமிஷம் பெஞ்ச்சு மட்டும் பாத்தாங்க. அப்புறம் வேற வேற கட்டையை மெதுவா, ஒவ்வொண்ணா அழுத்திப் பாப்பாங்க, பொறந்த குழந்தைக்கு விரல் எண்ற மாதிரி. இன்னொண்ணு, நம்ம ஊரு வெளிய கொளுத்தும், ஹால்ல ஏசி குளுரும், கை வெரைச்சுப்போயிடும், அதனால டிரஸ்ஸிங் ரூம் வாஷ்பேசின்ல வெந்நீர் புடிச்சு மணிக்கட்டு வரைக்கும் முக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வாழைப்பழம் ஒண்ணு தின்பாங்க. கதவு கிட்ட நிக்கும்போது யார் கிட்டயும் பேச மாட்டாங்க, சிலபேருக்கு கண்ணு என்னைப் பாக்கும் ஆனா நான் தெரிய மாட்டேன். நான் கதவைத் தொறப்பேன், அவ்ளோதான், வெளிச்சம் அடிக்கும், உள்ள போய்டுவாங்க. திரும்பி வரும்போது சட்டை முதுகு தண்ணில முக்கின மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். இடைவேளைல அழுத ஆளையும் பாத்திருக்கேன், ரெண்டாவது பாதி அவ்ளோ அருமையா வாசிச்சார்.

ரெட்டைமாடி:
தம்பி இதைப் படிச்சதும் வீட்டுக்காரிக்கும் வாசிச்சுக் காட்டினேன். அவ கேட்டது ஒண்ணுதான், அவங்களுக்கு யாரு சாப்பாடு குடுப்பான்னு.

கியாசுஅப்பா:
பெஞ்ச் உயரம் எவ்ளோ இருக்கணும்? நாங்க சாதா நாற்காலி போட்டிருக்கோம். அதான் ரெண்டு மார்க் போச்சோ?

கருப்புக்கட்டை:
கியாசு அண்ணே, முழங்கை கட்டை மட்டத்துக்கு வரணும், கூடக் குறைய இருக்கலாம். கௌல்டு அவங்கப்பா வெட்டிக் குடுத்த நாற்காலில தரையோட தரையா உக்காந்துதான் வாழ்க்கை முழுக்க வாசிச்சார், அவர் கிட்ட யாரும் மார்க் கேக்கல.

ரெட்டைமாடி அண்ணனுக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கை. இது விளையாட்டு இல்ல. லியோன் ஃப்ளைஷர்னு அமெரிக்கப் பியானிஸ்ட், 36 வயசு, உச்சில இருந்தவர், 1960கள்ல வலது கையில ரெண்டு விரல் தானா சுருண்டுக்கிச்சு, நீட்ட முடியல. முப்பது வருஷத்துக்கு மேல எடது கைக்குன்னு எழுதின பாட்டா தேடி வாசிச்சார். மொத உலகப் போர்ல வலது கை போன விட்கென்ஸ்டைன்ங்கிற பியானிஸ்டுக்காக ரவேல்ங்கிற இசையமைப்பாளர் ஒத்தைக் கையால வாசிக்கிறதுக்கே ஒரு கான்சர்ட்டோ எழுதினார், அதெல்லாம் இவருக்குக் கை குடுத்துச்சு. அதோட அமெரிக்காவுல பீபாடிங்கிற இசைக் கல்லூரில வகுப்பெடுத்தார். நம்ம யோங் சியூ தோ கன்சர்வேட்டரி, அதான் இங்க உள்ள இசைக் கல்லூரி, என்யூஎஸ் பல்கலைக்கழகத்துல ஆரம்பிக்கும்போது கூட நின்னது அதே பீபாடிதான். எனக்கு மோதிர விரல்ல வலி வந்தப்ப நான் மூணு மாசம் யாருக்கும் சொல்லாம வாசிச்சேன், அந்த முட்டாள்தனத்தைப் பையன் பண்ண வேணாம். வலிச்சா நிறுத்தணும், அன்னிக்கே சொல்லணும்.

அப்புறம் 16 வயசுல முடிவு பண்றது லேட்டுன்னு யாராவது சொல்வாங்க. ரிக்டர் மாஸ்கோ கன்சர்வேட்டரில சேர்ந்தது 22 வயசுல. அதுக்கு முன்னாடி ஒடெஸ்ஸா ஆபரால பாடறவங்களுக்கு ஒத்திகைக்கு வாசிச்சுக்கிட்டு இருந்தார், நம்ம பக்கவாத்தியம்தான். ரிக்டர் மாதிரி வருவான்னு சொல்லல, வழி ஒண்ணுதான்னு நெனைக்காதீங்க. நம்ம மார்கரெட் லெங் டான் 16 வயசுல இங்கேர்ந்து நியூயார்க் போனவங்க, அங்க ஜூலியார்டு இசைப் பள்ளில டாக்டர் பட்டம் வாங்கின மொத பொண்ணு, 1971. அவங்க பேர் வாங்கினது எதுல? பொம்மைப் பியானோல. கொழந்தைங்க தட்டி வெளயாடுமே அது. ஜான் கேஜ்ங்கிற இசையமைப்பாளர் கூட வேலை பாத்து, அந்த சின்னப் பொட்டியைத் தூக்கிட்டுப் போய் உலகம் பூரா கச்சேரி பண்ணி, 2015ல சிங்கப்பூர் கலாசாரப் பதக்கம் வாங்கினாங்க.

ரெட்டைமாடி:
எல்லாத்துக்கும் நன்றி. பையன் கிட்ட நேத்து பேசினேன். நான் காலைல நாலு மணி ஷிப்டு, ராத்திரி ஒம்போதுக்கே படுத்துருவேன். ராத்திரி லேட்டானா சத்தம் கூடாதுன்னு வேற இருக்கு, மேல் மாடிக்காரர் ஒரு தடவ வந்து கதவைத் தட்டிட்டார். அதனால நடு பெடலை அழுத்தி லாக் பண்ணிடுவான், உள்ள கம்பிக்கு முன்னாடி ஒரு துணி எறங்கும், சத்தம் பாதிக்கு மேல அமுங்கிடும். சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் என் கட்டில். பாட்டு எனக்குக் கேக்காது, கட்டை அமுங்குற டொக் டொக் மட்டும்தான் கேக்கும். பத்து வருஷமா அதைக் கேட்டுத்தான் தூங்குறேன். இப்ப உண்மையா சொல்றேன், என் புள்ளை நல்லா வாசிக்கிறானா இல்லையான்னே எனக்குத் தெரியாது, மார்க்கு தெரியும், டொக் டொக் தெரியும்.

அதை அவன் கிட்டயே சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு இப்படிச் சொன்னா புரியாது, வாங்கன்னு கூப்ட்டு, துணியை எடுத்துட்டு, ஒரு பீஸ் முழுசா வாசிச்சான். என்ன பீஸ்னு கேக்காதீங்க, ஷூபர்ட்னு சொன்னான். எனக்கு நடுவுல ஒரு எடம் ரொம்ப புடிச்சுது, மறுபடி வாசின்னேன். வாசிச்சான்.

ஈசூன்முருகு:
சரி லா அண்ணே. ஓ லெவல் பரீட்சையை மட்டும் ஒழுங்கா எழுதச் சொல்லுங்க.

ரெட்டைமாடி:
அது பேசி முடிச்சாச்சு முருகு. ஓ லெவல் எழுதுவான், கன்சர்வேட்டரி ஆடிஷனுக்கும் தயார் பண்ணுவான். கெடைக்கலன்னா அப்ப பாத்துக்கலாம்.

இப்ப வேற சந்தேகம். விக்டோரியா கன்சர்ட் ஹால்ல ஒரு பியானோ கச்சேரிக்கு டிக்கெட் வாங்கப்போறேன், மூணு பேருக்கு, நான் அந்தக் கட்டடத்தை வெளியேர்ந்துதான் பாத்திருக்கேன். எந்தப் பக்கம் உக்காரணும்?

திரைக்குப்பின்:
எடது பக்கம் அண்ணே, மேடையைப் பாத்து உக்காந்தா உங்க எடது கை பக்கம். கை தெரியும். வலது பக்கம் உக்காந்தா முகம் மட்டும்தான், பாதி நேரம் பியானோவோட மூடி அதையும் மறைச்சுக்கும்.

கருப்புக்கட்டை:
நான் எப்பவும் வலது பக்கம், சத்தம் முழுசா வரும். ஆனா மொத தடவைன்னா எடதுதான்.

வீணைஅத்தை:
கோல்ட்பர்க் ரெண்டும் கேட்டேன். ரெண்டாவதுல ஆரம்பம் அவ்ளோ மெதுவா, விளம்ப காலம் மாதிரி. அந்தாளு கூடவே முனகிக்கிட்டு வாசிக்கிறாரே, அது என்ன?

கருப்புக்கட்டை:
அது அவர் பழக்கம் அத்தை, ரெக்கார்டிங் பண்றவங்களால கடைசி வரைக்கும் நிறுத்த முடியல.

வீணைஅத்தை:
அப்ப கமகம் அங்கதான் இருக்கு.

ரெட்டைமாடி:
எடது பக்கம் மூணு சீட்டு வாங்கியாச்சு. பையன் கிட்ட கை நல்லா தெரியுமாம்டான்னேன். கையைப் பாக்காதீங்கப்பா, வலது காலைப் பாருங்க, பெடலை எப்ப விடறாங்கன்னு பாருங்கங்கிறான். பிரேக் மாதிரியாடான்னு கேட்டேன். யோசிச்சுட்டு, இல்ல, கிளட்ச் மாதிரின்னான்.